இடைகழியும் மாளிகையும்

க்ருஹஸ்தனுக்கு வீடு இன்றியமையாதது. ஆயினும் எத்தனை இடம் இருந்தால் அவனுக்குப் போதும் என்ற கேள்விக்கு விடை காண்பது எளிதன்று. மஹாபலியின் யாகசாலையில் இக்கேள்வியை எம்பெருமானே எழுப்பினான். மூவடி மண் வேண்டி நின்ற வாமனனிடம், ஒரு த்வீபத்தையே தர வல்லவனிடம் இவ்வளவு அற்பமாகவா கேட்பது என்று பலி வியந்தான். மூவடியால் த்ருப்தி அடையாதவன் ஒரு த்வீபம் பெற்றாலும் அடையான், ஏழு த்வீபங்களையும் வேண்டி நிற்பான் என்பது வாமனன் அளித்த மறுமொழியின் கருத்து. ஸ்ரீமத் பாகவதம் எட்டாம் ஸ்கந்தத்தில் இந்த ஸம்வாதம் அமைந்துள்ளது. (பின்னர் ஈரடியால் எல்லாவற்றையும் அளந்துகொண்டது வேறு கதை!)

இக்காலத்தில் வீட்டின் அளவு தேவையைக் கொண்டு நிர்ணயிக்கப்படுவதில்லை. உறவினர் வீட்டைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது. 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணைக்குக் கடன் பெறுபவன், பெற்ற தொகையைப் போல் இரு மடங்குக்கும் சற்று அதிகமாகவே திருப்பிச் செலுத்துகிறான். போவது பணம் மட்டுமன்று. அந்திவேளை ஸந்த்யாவந்தனமும், குழந்தைக்கு ஒரு பாசுரம் சொல்லிவைக்கும் பொழுதும், உத்ஸவத்துக்கு ஊர் வந்து தேர்வடம் பிடிக்கும் நாளும் அந்த அதிகப்படி அறையின் விலையில் சேர்ந்தே போகின்றன. அவ்வறையிலோ பெரும்பாலும் பூட்டுத்தான் குடியிருக்கிறது. சிறிய வீட்டில் பாட்டனார் விடியற்காலையில் அநுஸந்திக்கும் திருப்பாவை பேரனின் செவியில் தானே விழும். ஆளுக்கோர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியோடு இருக்கும் இல்லத்தில் அது விழுமோ?

"பெரிய வீடு இருந்தாலன்றோ அதிதிகளை உபசரிக்கலாம்?" என்று கேட்பர். விருந்தோம்பல் க்ருஹஸ்தனின் தலையாய தர்மமாதலின் இதனை எளிதில் தள்ளுவதற்கில்லை. இதற்கு விடை திருக்கோவலூரில் இருக்கிறது.

பெருமழை பெய்த ஓர் இரவில் பொய்கையாழ்வார் ம்ருகண்டு முனிவருடைய ஆச்ரமத்து இடைகழியில் ஒதுங்கினார். வாசலுக்கும் உள்கட்டுக்கும் இடைப்பட்ட நடையே இடைகழி. அக்ரஹாரத்து வீடுகளில் ரேழி எனப்படுவது. அங்கே ஒருவர் படுக்கலாம். பூதத்தாழ்வார் வந்தார், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று பொய்கையார் எழுந்து அமர்ந்தார். பேயாழ்வார் வந்தார், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று அனைவரும் நின்றனர். இடமில்லை என்ற சொல் அங்கே பிறக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முன் வந்தவர் படுக்கையை விட்டார். பின்னர் இருவரும் இருக்கையை விட்டனர். அப்போது நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர். இருளில் முகம் தெரியவில்லை. பொய்கையாரும் பூதத்தாரும் பாசுர விளக்கேற்ற, பேயார் எம்பெருமானைக் கண்டார். மூன்று திருவந்தாதிகள், 300 பாசுரங்கள், அந்த நெருக்கத்தில் விளைந்தவை.

அவ்வூர்க் கோயிலில் எழுந்தருளியிருப்பவன், திருவடியைத் தூக்கி உலகளந்த த்ரிவிக்ரமன். மண்ணும் விண்ணும் இரண்டடிக்கே போதாதவன் ரேழியில் நான்காமவனாக நெருங்கி நிற்க ஆசைப்பட்டான்! மூவரும் விசாலமான மண்டபத்தில் மூலைக்கொருவராகப் படுத்திருந்தால் அவனுக்கு அந்த ஸுகம் ஏது?

இதைக் கேட்டுவிட்டு, வறுமையால் எட்டுப் பேர் ஓரறையில் தவிக்கும் குடும்பத்தைப் பார்த்து 'நீங்கள் பாக்யசாலிகள்' என்று ஒருவர் உபதேசிப்பாராகில், அது பாபம். பெரிது கட்ட இயன்றவன் தானே விரும்பிக் குறைத்துக்கொள்வதே இங்குப் பேசப்படுகிறது. சிறிய வீடு என்பதைச் சாக்காக்கி, வயது முதிர்ந்த தாய் தந்தையர்க்கு இடமில்லை என்று கைவிரிப்போரும் உளர். பொய்கையார் செய்ததற்கு இது நேர்மாறு.

ஆகவே மனையில் கயிறு பிடிக்குமுன் கோயிலாழ்வாருக்கு ஓரிடம், பெரியோர்க்குக் கட்டில் போட ஓரிடம், வரும் பாகவதர் பாய் விரிக்க ஒரு கூடம் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொண்டு, தனக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்பதை அதன் பிறகு வீட்டுக்குரியவன் கணக்கிடுவானாக.