முதலெழுத்தும் வாசகமும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வழங்கும் திருமண அழைப்பிதழ்கள் சிலவற்றின் முகப்பிலே, மணமக்கள் பெயர்களின் முதலெழுத்துக்கள் பூவுங் கொடியும் பின்னிய உரோம வரிவடிவிற் பொலியக் காணலாம். இவ்வணியின் ஊற்றுக்களுள் ஒன்று பழைய பிரெஞ்சு அச்சுநூல்கள். அத்தகைய முதலெழுத்துக்களை வரைந்த ஜொஃப்ருவா தோரி, 1529இல் பாரிஸில் வெளியிட்ட தமது நூலில், எழுத்தின் அளவை மனித உடலின் அளவோடு பொருத்திக் காட்டினார். அங்கு அணியெழுத்து வாசகத்தின் வாயில். கைவினைப் பொருளிலோ வாசகம் அற்றுப்போக, வாயில் மட்டும் எஞ்சுகின்றது. இது தவறாகுமா?

படியெடுத்தல் திருட்டு என்பாரோடு நான் உடன்படேன்; அதனால் மூலம் குறைவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜோன் ரஸ்கின் கையெழுத்துச் சுவடிகளை வெட்டி ஏடு ஏடாகப் பிரித்தாரே, அதுவே மீளா இழப்பு. அவர் அவற்றை உளமார நேசித்தவர் என்பது வேறு!

என்னை உறுத்துவது பிறிதொன்று. தமிழிற் பெரிய எழுத்து என ஒன்றில்லை. நம் முன்னோர் பிள்ளையார் சுழியிட்டே ஏட்டைத் தொடங்கினர். தொடக்கத்தைச் சிறப்பிக்கும் அக்கறையை விடுத்துப் பிறர் எழுத்தின் உருவை மட்டும் ஏன் இரவல் கொள்கின்றோம்?

நண்பரொருவர் தம் மகளின் அழைப்பிதழுக்கு அகரத்தையே மல்லிகைக் கொடியாக வரைவித்தார். “பிரெஞ்சு மாதிரியே எடுப்பானது” என்றாராம் அச்சகத்தார். நண்பர் இணங்கவில்லை. அவ்வகரத்தைத் தொடர்ந்து மணமகளின் பெயர் முழுமையாக நின்றது.