சேமிப்பு குற்றமா?

சிக்கனம் சிறந்த பண்பு என்று செப்பாதார் இல்லை. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலோ, அப்பண்பே முதியவரின் மருந்துக்குப் பகையாகிறது!

1965இல் பிறந்தது, ஏழையருக்கான மெடிக்கெய்டு மருத்துவத் திட்டம். 2014 முதல் உழைக்கும் வயதினர் பெரும்பாலோரிடம் வருமானத்தை மட்டுமே கேட்கின்றனர். முதியோரிடமும் உடற்குறையுற்றோரிடமுமோ பல மாநிலங்களில் சேமிப்பையும் துருவுகின்றனர். தனியாளின் கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டினால், அங்கெல்லாம் கதவடைப்பு! 1989 முதல் நடப்பிலுள்ள கூட்டரசு வரம்பு அது; விலைவாசி ஏறிற்று, வரம்பு ஏறவில்லை.

பொதுப்பணம் வசதி படைத்தோருக்கா என்பர். கோடி குவித்தவனைத் தடுக்கட்டும், குறை கூறோம். கூரை பழுதுபார்க்க மூதாட்டி சேர்த்த காசுமா கோடி? கரைத்துவிட்டு வா என்பது வறுமையைத் துடைப்பதா, வளர்ப்பதா?

நோய் கேட்பது மருந்தை; சட்டம் கேட்பதோ வங்கிக் கணக்கை!