பிறர் இட்ட பெயர்

ஒருவரை எப்பெயரால் அழைக்கிறோம் என்பது அற்பமான காரியமன்று. அதில் நீதியும் உண்டு, அநீதியும் உண்டு. ஏட்டில் கற்றதைவிட, ஒரு மாலைப் பொழுதில் நாம் இதனை நன்குணர்ந்தோம்.

நவாப் முகம்மதலி வாலாஜாவின் பெயர் தாங்கியது நாம் வாழும் வாலாஜாபாத். பேத்தியின் திருமணத்திற்குப் பட்டெடுக்க இங்கு வந்திருந்த திருச்சூர்ப் பெரியவர் ஒருவர், நெசவாளர் வீட்டுத் திண்ணையில் நமக்கு அறிமுகமானார். கல்தாய சுறியானி சபையைச் சேர்ந்தவர் என்றறிந்ததும், "அப்படியானால் தாங்கள் நெஸ்தோரியர் அல்லவா?" என்று கேட்டுவிட்டோம். அரபு நூல்களில் 'நஸ்தூரிய்யா' என்று பலகால் ஓதிய பழக்கம். பெரியவரின் முகம் வாடியது. "உஸ்தாதே, அது எங்களை விலக்கி வைத்தவர்கள் இட்ட பெயர்" என்றார்.

அவர் கூறியது உண்மை. நெஸ்தோரியஸ், கான்ஸ்டான்டிநோபிள் நகரின் பேராயராக இருந்தவர். மர்யம் (அலை) அவர்களைக் 'கடவுளின் தாய்' என்பதா, 'கிறிஸ்துவின் தாய்' என்பதா என்ற வழக்கில் பின்னதே பொருத்தம் என்றார். 431ஆம் ஆண்டு எபேசுவில் கூடிய சங்கம் அவரைப் பதவியினின்றும் நீக்கியது. பாரசீகத்தில் அதற்கு முன்பே வேரூன்றியிருந்த கீழைத் திருச்சபையை அவர் நிறுவவுமில்லை. அதற்குத் தலைமை வகிக்கவுமில்லை. அச்சபை அவரைச் சான்றோராக மதித்தது. எதிரணியினரோ அச்சபையார் அனைவருக்கும் அவர் பெயரையே சூட்டினர்.

அப்பெயர் அரபு நூல்களிலும் புகுந்தது. ஹிஜ்ரி 548இல் மறைந்த இமாம் ஷஹ்ரஸ்தானி, எக்கூட்டத்தாரின் கொள்கையையும் அவர்தம் நூல்களில் கண்டவாறே சார்பின்றி உரைப்பதாக 'அல்மிலல் வந்நிஹல்' முகவுரையில் உறுதி கூறியவர். அவரும் இப்பெயரையே எழுதினார். நெஸ்தோரியஸை கலீபா மாமூன் காலத்தவர் என்றும் குறித்தார். இருவருக்குமிடையே ஏறத்தாழ நானூறு ஆண்டுகள்! நேர்மை மிக்க பேரறிஞரே இடறிய இடத்தில் நாம் எவ்வளவு கவனமாக நடக்க வேண்டும்?

அந்த நோவை நாம் அறியாதவர்களா? ஆங்கிலேயர் ஆட்சியில் நம்மை 'முகம்மதியர்' என்று எழுதினர். நபிகள் நாயகத்தை (ஸல்) நாம் வணங்குவதாகத் தொனிக்கும் அப்பெயரை நம் முன்னோர் விரும்பவில்லை. 'முஸ்லிம்' என்பதே அல்லாஹ் நமக்கு இட்ட பெயர் என்றனர். நமக்கு வேண்டிய நீதியைப் பிறர்க்கு மறுக்கலாமா?

"அவர்கள் விரும்பும் பெயரைச் சொன்னால் அவர்கள் கொள்கையை ஒப்பியதாகாதா?" என்று சிலர் வினவக்கூடும். ஆகாது. ஒரு கொள்கையை மறுப்பதற்கும் முதலில் அதனைச் சரியாக எடுத்துரைக்க வேண்டும். ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றி நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு, ஒரு பெயரைத் திருத்துவதால் மறைந்துவிடாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பும் நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்பது சூரா மாயிதாவின் கட்டளை.

1994 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பாலும் கீழைத் திருச்சபைத் தலைவர் மார் தின்காவும் கூட்டறிக்கை வெளியிட்டு, மர்யம் (அலை) அவர்களைக் குறிக்கும் இருவகை வழக்கையும் முறையானவை என ஏற்றனர். ஒரு சொல்லில் மூண்ட பிணக்கு தணிய 1563 ஆண்டுகள் சென்றன.

பெரியவரிடம் நாம் வருத்தம் தெரிவித்தோம். மறுநாள் மத்ரஸாவில் 'நஸ்தூரிய்யா' என்ற சொல் வந்தபோது ஓதுவதை நிறுத்தி, "இது பிறர் இட்ட பெயர்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம்.