ஆவர்த்தம்



சாமாயிகத்தில் குவித்த கைகளை வலமாகச் சுற்றுகிறோமே, அதற்கு ஆவர்த்தம் என்று பெயர். நீர்ச்சுழிக்கும் அதுவே பெயர். ஆவர்த்தம் என்றால் சுழலுதல். வலமாகச் சுழித்த சங்கு தட்சிணாவர்த்தம். நாம் வலம்புரி என்போம். பூசைக்குக் கொய்யும் நந்தியாவட்டையும் நந்தியாவர்த்தமே. அதன் இதழ்கள் ஒருபுறமாகத் திருகி நிற்பதைப் பாருங்கள். காப்பியப் புலவர்கள் சுழியை மகளிர் உந்திக்கு உவமையாக்கினர், அது நிற்க. அறவோர் கண்ட சுழி பிறவிக்கடலின் சுழி.

புதுவைக்குத் தெற்கே, அரிக்கமேட்டை ஒட்டி ஓடும் அரியாங்குப்பத்தாறு கடலோடு கூடுமிடத்தில், இறங்கும் ஆற்றுநீரும் ஏறிவரும் கடல்நீரும் எதிர்ப்படும்போது சுழி தோன்றும். (அரிக்கமேடு அருகன்மேடே என்று கூறும் அறிஞரும் உளர்.) அதில் அகப்பட்ட துரும்பு ஓயாமல் ஓடுகிறது, ஆயினும் கடலைச் சேர்வதில்லை. சுழியோ நீரினின்று வேறான பொருளன்று. அள்ளிப் பார்த்தால் கையில் வெறும் நீரே இருக்கும். மனம், மொழி, மெய் இம்மூன்றின் அசைவால் வினை ஊறுகிறது. சினம், செருக்கு, மாயம், உலோபம் என்னும் கஷாயங்களால் அது உயிரோடு ஒட்டுகிறது. ஒட்டிய வினையால் உயிர் நாற்கதியிலும் சுற்றுகிறது.

அம்மூன்றையும் அடக்கி அறத்தின்பால் திருப்புவதற்கே ஆவர்த்தம். திசைக்கு மூன்றாக நாற்றிசைக்கும் பன்னிரண்டு ஆவர்த்தமும் நான்கு வணக்கமும் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்தவை. அந்நூலின் வழியில் தமிழில் எழுந்ததே அருங்கலச் செப்பு; இல்லந்தோறும் இருக்கவேண்டிய நூல்.

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் செய்தது என்ன? தாயாரின் வளையல்களின் பொருட்டு எனக்கும் என் தங்கைக்கும் பதினோராண்டுகள் பேச்சில்லை. அவ்வாண்டுகளில் ஒருவேளையேனும் சாமாயிகம் தவறியதில்லை; பன்னிரண்டு ஆவர்த்தமும் எண்ணியே செய்தேன். கை வலமாகச் சுற்றும். மனம் அவ்வளையல்களைச் சுற்றும். எது வணக்கம், எது சுழி என்று அருகிலிருந்து பார்ப்பவர்க்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சென்ற தசலட்சண பருவத்தின் முதல் நாள், உத்தம க்ஷமைக்குரிய நாள். ஜினாலயத்திலிருந்து வீடு திரும்பாமல் நேரே தங்கை வீட்டுப் படியேறினேன். சொல்ல எண்ணியிருந்த சொற்கள் ஒன்றும் நாவில் வரவில்லை. "வா அக்கா, வெயிலில் ஏன் நிற்கிறாய்?" என்றாள். பொழுது சாயுமுன் இருவரும் உணவு முடித்தோம். பின்னர் ஒரே பாயில் சாமாயிகத்திற்கு அமர்ந்தோம். அன்று எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. அவள்தான் மெல்லச் சொல்லித் திருத்தினாள்.