மயானமும் கோயில் வாசலும்

காங்கேசன்துறையில் 1924இல் பிறந்த நடிகமணி வி.வி. வைரமுத்து, இசை நாடகத்தில் அரிச்சந்திரனாக யாழ்ப்பாணம் எங்கும் புகழ்பெற்றவர். அவர் நடித்த மயான காண்டத்தில் அரசன் சுடலை காக்கும் அடிமையாகிறான். அவனது சத்தியம் குன்றுவதில்லை. அறம் பிறப்பையும் தொழிலையும் சார்ந்ததன்று என்பதே கதையின் உட்பொருள். அதே யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பல கோயில்களின் வாசல் அடைபட்டிருந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்த பின்பும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் முன் நுழைவுரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது.

இந்த வாசல் வழக்கு பழையது. பெரியபுராணத்தில், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து கோயிலுக்கு வெளியே நின்ற நந்தனார் தம்மைக் காணும்படி சிவன் திருப்புன்கூரில் நந்தியை விலகச் செய்கிறார். தில்லையில் நந்தனாரைத் தீயில் மூழ்கி வரச் சொல்கிறார். அருளுக்குத் தடையில்லை என்போருக்கு நந்தியும், பிறப்பைக் கழுவ வேண்டும் என்போருக்குத் தீயும் சான்றாயின. மாவிட்டபுரப் போராட்டத்திலிருந்து பிறந்த என்.கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' இந்த வழக்கை நாடக மேடைக்கே கொண்டுவந்தது.