நிலத்தின் ஏற்றம் யாருக்குச் சேரும்?



சென்ற மாதம் ஜும்ஆ தொழுதுவிட்டு டன்லப் தெருப் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தோம். பக்கத்துக் கடைத் தம்பி தம் அடுக்குமாடி வீட்டை நல்ல இலாபத்துக்கு விற்ற செய்தியைப் பேசிக்கொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "அந்த இலாபம் அவனுக்கு எப்படித் தம்பி உரியதாயிற்று?" என்றார். நான் சிரித்துவிட்டேன். இரவு கடை அடைத்தபின் சிரிப்பு வரவில்லை.

அவர் கேட்டதில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பொதுக் காரியத்துக்கு எவருடைய நிலத்தையும் சர்க்கார் எடுத்துக்கொள்ளலாம் என்று 1966-ல் இங்கே சட்டம் வந்தது. 1973-ல் அதைத் திருத்தினார்கள். அவ்வாண்டு நவம்பர் 30-ந் தேதி விலை, அல்லது அறிவிப்பு வந்த நாளின் விலை, இவற்றில் எது குறைவோ அதுவே நஷ்ட ஈடு. அந்தத் தேதியைப் பிற்பாடு தள்ளி வைத்தார்கள். சந்தை விலை கொடுப்பது என்று ஆனது 2007-ல்தான். சர்க்கார் சொன்ன நியாயம் இது: சாலையும் துறைமுகமும் பொதுப்பணத்தில் வந்தவை, அவற்றால் நிலத்துக்கு ஏறிய விலை சும்மா இருந்த சொந்தக்காரனுக்கு ஏன்?

எடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன். 1961-ல் புக்கிட் ஹோ சுவீயில் தீப்பிடித்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அவர்களை ஆகாயத்திலா குடிவைப்பது? ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களும் மக்காவின் ஹரம் பள்ளியை விரிவாக்க அண்டை வீடுகளை வாங்கினார்கள். விற்க மறுத்தவர்களின் வீட்டையும் இடித்து, கிரயத்தை அவர்களுக்கென்று கஃபாவில் வைத்தார்கள். நம் பூர்வீகத் தமிழ்நாட்டில் 1970-ல் நில உச்சவரம்பை 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைத்தபோது, மைத்துனன் பெயரிலும் வேலைக்காரன் பெயரிலும் எழுதி வைத்துத் தப்பியவர்கள் உண்டு. இங்கே அந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை.

ஆனால் ஹஜ்ரத் உமர் (ரலி) கிரயம் வைத்தார்கள் என்பதை மறக்கலாகாது. பழைய வருஷத்து விலை, பெரிய எஸ்டேட்காரரைவிட, இரண்டு தென்னையும் ஓர் அத்தாப்பு வீடும் வைத்திருந்தவனைத்தான் அதிகம் வருத்தியிருக்கும்.

பெரியவரின் கேள்வி இதோடு நிற்கவில்லை. பதுக்கிய அரிசியில் வரும் இலாபம் ஆகாது என்று மதரஸாவில் படித்தோம். "நீ உழைக்காமல் ஏறிய விலை உனக்கில்லை" என்று அன்றைய சொந்தக்காரனுக்குச் சொன்னது நியாயமானால், அதே மண்ணின் மேல் 99 வருஷக் குத்தகையில் வீடு வாங்கியவனுக்கு மட்டும் அது எப்படி மாறும்? பக்கத்தில் ரயில் நிலையம் வந்ததால் விலை ஏறுகிறது. அதை அவனா கட்டினான்? என் வீடும் அப்படித்தான். அது நிற்கும் இடத்தில் முன்பு யார் வாழை வைத்திருந்தாரோ, அறியேன்.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது, "சரி, அதற்கு என்ன செய்யப் போகிறாய்?" என்றார். ஹராம், ஹலால் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். வீட்டை விற்கும் நாள் வந்தால், வந்த இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகை கட்ட முடியாதவர்களுக்குப் போகவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.