சடைமுடியும் விசுவாசமும்

ஜமைக்காவில் பிறந்த ராஸ்தாஃபரி சமயத்தைப் பின்பற்றி வாழச் சடைமுடி வேண்டுமா? 1999இல் 'டோன்ட் ஹாஃபி ட்ரெட்' என்ற பாட்டில் மார்கன் ஹெரிடேஜ் ரெகே குழு "வேண்டியதில்லை" என்று சொன்னது. சொன்னவர்களே சடை வளர்த்தவர்கள் என்பதால்தான் அந்தப் பதிலுக்கு எடை கூடுகிறது.

குழு முழுக்க ஒரே வீட்டுப் பிள்ளைகள். தந்தை டென்ராய் மார்கன், ஜமைக்காவிலிருந்து அமெரிக்கா போய் 1981இல் ஒரு பாட்டால் பெயர் வாங்கியவர். பிள்ளைகள் 1994இல் எட்டுப் பேராக முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள், பிறகு ஐவரானார்கள். பீட்டா முன்னால் நின்று பாட, ஊனாவும் கிராம்ப்ஸும் கீபோர்டு, லூக்ஸ் கிட்டார், மோஜோ தாளம். 2016இல் கிராமி விருதும் வந்தது.

அவர்கள் பாடிய ரெகே பாதி தேவாலயத்தில் பிறந்த இசை. ரெகே பாடகர் டூட்ஸ் ஹிபர்ட் சிறுவயதில் சபையில் பாடிப் பழகிய குரலோடுதான் மேடை ஏறினார். மெலோடியன்ஸ் குழுவின் புகழ்பெற்ற பாட்டு பைபிளின் 137ஆம் சங்கீதத்திலிருந்து எழுந்தது. டென்ராய் சேர்ந்திருந்த 'இஸ்ரவேலின் பன்னிரு கோத்திரங்கள்' என்ற ராஸ்தா பிரிவிலும் பைபிளுக்குத்தான் முதலிடம்: தினம் ஓர் அதிகாரம் படிக்கச் சொல்வார்கள், இயேசுவை ஏற்பார்கள். சடை அங்கே கட்டாயமில்லை. போபோ ஆஷாந்தி என்ற இன்னொரு ராஸ்தா பிரிவிலோ சடையை வளர்த்துத் தலைப்பாகைக்குள் சுருட்டி வைப்பது நியமம். ஆகவே அந்தப் பாட்டைப் பிள்ளைகளின் கலகம் என்று கொள்வது தவறு. தந்தையின் சபை நெடுநாளாகச் சொன்னதை அவர்கள் உரக்கப் பாடினார்கள்.

சடைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பைபிளின் எண்ணாகமம் 6ஆம் அதிகாரம். தன்னைக் கடவுளுக்கென்று ஒதுக்கும் நசரேய விரதம் பூண்டவன் தலையில் சவரகன் கத்தி படக்கூடாது என்கிறது அது. அதே அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் படித்தால், விரத நாட்கள் முடிந்ததும் அவன் தலையைச் சிரைத்து, அந்த முடியைப் பலியின் கீழ் எரியும் நெருப்பில் போட வேண்டும் என்றும் இருக்கிறது. முடி விரதத்தின் அடையாளம். விரதம் முடிந்தால் அதுவும் போகும். வேதத்தை வைத்துப் பார்த்தால் மார்கன் பிள்ளைகளின் பக்கமே நியாயம் தெரிகிறது.

ஆனால் வேதம் மட்டும் பேசி இந்த வழக்கைத் தீர்த்துவிட முடியாது. 1963 ஏப்ரலில் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் ராஸ்தாக்கள் சிலர் ஈடுபட்ட மோதலுக்குப் பிறகு ஜமைக்கா போலீஸ் ராஸ்தாக்களைத் தேடிப் பிடித்து அடித்தது, சிறையில் தள்ளியது, சடைகளை வெட்டியது. அரசு மன்னிப்புக் கேட்க 2017 வரை ஆனது. அன்று தொப்பிக்குள் சடையை மறைத்துத் திரிந்தவருக்கு அது வெறும் வெளிவேஷமாக இருந்திருக்காது. கத்தரிக்கோல் வரும் என்று தெரிந்தே வளர்த்தது அது. விசுவாசத்துக்குச் சடை வேண்டாம் என்ற தீர்ப்பை அந்த முதியவர்களிடம் போய்ச் சொல்கிறவர், அவர்கள் தலையில் விழுந்த அடியையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.